பெண் கேட்டு வராத ஐந்து பேர்

ஹட்டனில் நடந்த அந்தக் குழு உளவளத்துணைக்கு நான் போனது மன அமைதி தேடியல்ல. சனிக்கிழமைகளில் வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். மலையகத்திலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகளுக்காக ஒரு நிறுவனம் நடத்துகிறது, பஸ் காசு தருவார்கள், தேத்தண்ணியும் உண்டு என்று வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. வீட்டில் "கெம்பஸ் வேலையா ஹட்டனுக்குப் போறேன்" என்றேன். அம்மா மறு பேச்சுப் பேசாமல் ரொட்டி சுட்டு, சம்பல் வைத்துக் கட்டிக் கொடுத்தார். கெம்பஸ் என்ற சொல்லைச் சொன்னால் எங்கள் வீட்டில் எதுவும் நடக்கும்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தை விட்டு வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

டிக்கோயாவுக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். எங்கள் டிவிஷனிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை நான். போன அன்று கோயில் மேளம் அடித்தார்கள், மாலை போட்டார்கள், தொழிற்சங்கத் தலைவர் அரை மணி நேரம் பேசினார். ஊரிலிருந்து ஏழு மணி நேர பஸ் பயணம். முகாமைத்துவப் படிப்பு, எல்லாம் ஆங்கிலத்தில். இரண்டாம் வருஷம் ஒரு நாள் வகுப்புக்கு முன்னால் நின்று ஐந்து நிமிஷம் பேச வேண்டியிருந்தது. முதல் வசனம் சொன்னேன். இரண்டாவது வசனம் வரவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். விரிவுரையாளர் நல்ல மனிதர், திட்டவில்லை, "பரவாயில்லை, அடுத்தவர் வாங்க" என்றார். அந்தப் பரவாயில்லைதான் என்னைக் கொன்றது. மறுநாள் தலைவலி என்று போடிங் அறையில் படுத்துக்கொண்டேன். அடுத்த நாளும் படுத்துக்கொண்டேன். வரவு குறைந்து, பரீட்சை எழுத முடியாது என்று கடிதம் வந்ததும் பையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் "இப்பல்லாம் ஆன்லைன்லதாங்கம்மா படிப்பு" என்று சொன்னேன். நாட்டில் அப்போது எதையும் நம்பக்கூடிய நிலைமைதான் இருந்தது. பஸ்ஸுக்கு எண்ணெய் இல்லை, கரண்ட் இல்லை, கெம்பஸ் மட்டும் ஒழுங்காக இருக்குமா? நம்பினார்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் எழுதக் கூச்சமாக இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஃபோனைச் சுவரில் சாய்த்து வைத்து, காதில் வயரை மாட்டிக்கொண்டு, கொப்பியைத் திறந்து வைத்து உட்காருவேன். காதுக்குள் ஒரு சத்தமும் இருக்காது. இடையிடையே தலையாட்டுவேன். சில நேரம் எதையாவது எழுதுவேன். எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழ் எட்டு வீடு. ஒரு வீட்டில் இருமினால் எட்டாவது வீட்டில் கேட்கும். பிள்ளை படிக்கிறது என்று எட்டு வீடும் குரலைத் தணித்துக்கொண்டது. வாசலில் விளையாடிய சின்னப் பிள்ளைகளைக் கோயில் பக்கம் விரட்டினார்கள். அடுத்த வீட்டுக் காம்பராவில் இருக்கும் என் தாய்மாமன் கிரிக்கெட் பைத்தியம். அவர் டீவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்து வைத்து, வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு ஓட்டம் அடித்தால்கூடக் கை தட்ட மாட்டார். அந்த அமைதிக்கு நடுவில் உட்கார்ந்து நான் ஒன்றுமில்லாத ஃபோனைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஹட்டனுக்கு ஓடியதன் காரணம் இப்போது விளங்கும்.

கூட்டம் நடத்தியவரை நாங்கள் மிஸ் என்று கூப்பிட்டோம். பஜாரில் மூன்று தலைமுறையாக இரும்புக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், கொழும்பில் உளவியல் படித்தவர். அந்தக் கடையின் மேல்மாடியில்தான் கூட்டம். நாங்கள் ஆறு பேர். முதல் நாள் மிஸ் கதிரைகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தார். நாங்கள் உள்ளே வந்து, சொல்லி வைத்தாற்போல அவரவர் கதிரையைத் தூக்கிச் சுவரோரமாக வரிசையில் போட்டு உட்கார்ந்தோம். மிஸ் சிரித்துக்கொண்டே மறுபடியும் வட்டமாக்கினார்.

"ஒவ்வொருத்தரா உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றார். ஒவ்வொருத்தராக எழுந்து நின்றோம். பேர், தோட்டம், டிவிஷன், படிக்கும் பீடம். சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டதும் முன்னால் வந்து நிற்கிறவர்களின் பிள்ளைகள் நாங்கள், வேறு எப்படிச் செய்வோம்? "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "நல்லா இருக்கு மிஸ்" என்றான் முதலாமவன். ஆறு பேருக்கும் நல்லாத்தான் இருந்தது. நல்லா இருக்கிற ஆறு பேர் எதற்காக விடியற்காலையில் எழுந்து பஸ் மாறி மாறி வந்தோம் என்று அவர் கேட்கவில்லை. பொறுமைசாலி. நானாக இருந்தால் கேட்டிருப்பேன்.

போகும்போது ஒரு விதி சொன்னார். இங்கே பேசுகிற எதுவும் இந்த மாடிப்படியைத் தாண்டக் கூடாது. எல்லோரும் பலமாகத் தலையாட்டினோம். தாண்டுவதற்கு அதுவரை எதுவும் இருக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை ராகலையிலிருந்து வந்த அண்ணன் பேசினார். எங்களில் மூத்தவர், பொறியியல் கடைசி வருஷம், கண்ணாடி போட்டவர், அதிர்ந்து பேச மாட்டார். படிப்பு சலித்துப் போனால் என்ன செய்வீர்கள் என்று மிஸ் கேட்டதற்கு, "அம்மா அப்பா படுற கஷ்டத்த நெனச்சுக்குவேன் மிஸ். அத நெனச்சா தானா படிப்பு வரும்" என்றார்.

இந்தப் பேச்சு எனக்கு மனப்பாடம். மாலை போட்ட மேடையில் நானும் இதைத்தான் பேசினேன். எங்களில் பேசாதவர் யார்? ஆனால் அன்றைக்கு எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றது.

"எனக்கு வரல" என்றேன். எல்லோரும் திரும்பினார்கள். "அத நெனச்சா எனக்கு ஒரு எழுத்து ஓடாது. எங்கம்மா அட்டைக் கடியில நிக்கிறது கண்ணுக்குள்ள வரும். அப்புறம் எப்படி வாயத் தொறந்து இங்கிலீசு பேசுறது? அத நெனச்சு நெனச்சுத்தான் நான் படிப்பையே விட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே விளங்கியது. பிறகு மிச்சத்தையும் சொன்னேன். வயரைக் காதில் மாட்டிக்கொண்டு தலையாட்டுவது வரைக்கும் சொன்னேன். ராகலை அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடியும் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு பாடம் ரிப்பீட்" என்றார். "வீட்ல தெரியாது." அதற்குப் பிறகு வரிசை, வட்டம் எதுவும் பார்க்காமல் ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருத்திக்கு இரவில் தூக்கமில்லை. ஒருவன் தோட்டத்துப் பிள்ளை என்பதையே கூட்டாளிகளிடம் மறைத்திருக்கிறான், அப்பா பார்க்க வந்தபோது கெம்பஸ் கேட்டுக்கு வெளியிலேயே பேசி அனுப்பியிருக்கிறான். அன்று மிஸ் எங்களை அரை மணி நேரம் பிந்தி அனுப்பினார். எனக்கு ஒன்பது மாதத்துக்குப் பிறகு பசித்தது.

ஆனால் மிஸ் கெட்டிக்காரி. சும்மா அழவிட்டு அனுப்புகிற ஆள் இல்லை. அடுத்த வாரமே "திரும்பச் சேர வழி இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. பல்கலைக்கழகம் அனுப்பிய விண்ணப்பப் படிவம் ஃபோனில் வந்து கிடந்தது. மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும், பிந்தினால் என் இடம் போய்விடும். பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

"அப்பா கையெழுத்த நானே போட்டுருவேன் மிஸ்" என்றேன்.

வலப்பனையிலிருந்து வரும் ஒருத்தி, கலைப்பீடம், வாய்க்குப் பூட்டில்லாதவள், குறுக்கே விழுந்தாள். "போட்டுட்டு? ஒங்க தோட்டத்துல பட்டமளிப்பு எப்பன்னு கேட்டா? அதுக்கும் ஒரு வயர மாட்டிக்கிட்டு ஒக்காருவியா?"

அவளை எனக்கு அப்போது பிடிக்கவே இல்லை. சொன்னது சரி என்பதால் இன்னும் பிடிக்கவில்லை.

வீட்டில் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனேன். சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை. அம்மா கொழுந்து மலையிலிருந்து நனைந்து வருவார். நான் வாயைத் திறப்பேன். "படிச்சு முடிச்சிட்டியா? சாப்பிடு" என்பார். வாயை மூடிக்கொள்வேன். மிஸ் "நீங்க தயாரானதும் சொல்லுங்க, அவசரமில்ல" என்றார். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும் போல. வலப்பனைக்காரி, "இவ தயாராகுறதுக்குள்ள மாசம் முடிஞ்சிரும் மிஸ்" என்றாள்.

கூட்டம் முடிந்து கீழே தேத்தண்ணிக் கடையில் நின்றபோது அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். வருகிற பௌர்ணமிப் போயா லீவுக்கு ஐந்து பேரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒன்றும் பேச மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கஷ்டமான காரியம் எதையும் தனியாகச் செய்து பழக்கமில்லை. சாவு வீட்டுக்குப் போனாலும், தோட்டத் துரையிடம் போய் ஒன்று கேட்பதானாலும் நாலு பேர் சேர்ந்துதான் போவோம். அதனால் அது எங்கள் ஆறு பேருக்கும் நல்ல யோசனையாகவே பட்டது. மிஸ்ஸிடம் மட்டும் சொல்லவில்லை. விதி மாடிப்படியைத் தாண்டி டிக்கோயா பஸ்ஸில் ஏறப் போகிறது என்று அவருக்கு யார் சொல்வது?

வீட்டில் முன்கூட்டிச் சொல்லி வைக்க வேண்டுமே. இங்கேதான் நான் பெரிய முட்டாள்தனம் செய்தேன்.

"அம்மா, போயா அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சவங்க அஞ்சு பேர் வர்றாங்க. உங்ககிட்டயும் அப்பாகிட்டயும் ஒரு விசயம் பேசணும்."

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஆம்பளப் பிள்ளைகளும் வருதா?"

"ரெண்டு பேர்ங்கம்மா."

"மூத்தவருக்கு என்ன வயசு?"

"இருபத்தாறு இருக்கும். இஞ்சினியரிங்."

அம்மா திரும்பி அடுப்பை ஊதினார். அந்த முதுகைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. என் பயத்தில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

போயா அன்று காலையில் வீடு கழுவப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டுக் கதிரைகள் வந்திருந்தன. மாமா வெள்ளை வேட்டி கட்டி முன்வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். தொழிற்சங்கத் தலைவரும் வந்து உட்கார்ந்தார். "இவங்கள்லாம் எதுக்கு?" என்று அம்மாவிடம் கேட்டேன். "தாய்மாமன் இல்லாம பேசுற பேச்சா இது?" என்றார். மாமி என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தலை பின்னத் தொடங்கினார்.

அதே நேரத்தில் தேயிலைக்கு நடுவிலுள்ள குறுக்குப் பாதையில் ஐந்து பேரும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ராகலை அண்ணன் வழியில் கோயிலுக்குப் போயிருக்கிறார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு, நடுவில் சந்தனம். வலப்பனைக்காரி சேலை கட்டியிருந்தாள். அவள் கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் ஆப்பிள், தோடம்பழம், ஒரு பெட்டி பிஸ்கட், வெற்றிலைக் கட்டு. வெறுங்கையோடு போகக் கூடாது என்று பழம் வாங்கியிருக்கிறார்கள். பெரியவர்கள் வெற்றிலை போட்டால் மனம் இளகும் என்று வெற்றிலை வாங்கியிருக்கிறார்கள். பஸ்ஸில் பை கிழிந்துவிட்டதால் டிக்கோயாவில் ஒரு கடையில் தட்டை இரவல் வாங்கியிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது தட்டு மட்டும்தான். லயத்தின் எட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள்.

மாமா விரலை மடக்கி எண்ணினார். "அஞ்சு பேரு. ஒத்தப்படையில, முறையாத்தான் வந்திருக்காங்க."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மாமி என் தலையில் பூ வைத்துவிட்டார்.

உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள். எங்கள் காம்பராவில் கதிரைகளை வரிசையாகப் போட இடமில்லை. சுவரைச் சுற்றி எல்லோரும் முட்டி முட்ட வட்டமாக உட்கார வேண்டியிருந்தது. அப்பா கதவுக்குப் பக்கத்தில் முக்காலியில் இருந்தார். மாமா தொடங்கினார்.

"வாங்க தம்பி. பெரியவங்க யாரும் வரலையா?"

"இல்லீங்க. நாங்களே பேசிக்கலாம்னு" என்றார் ராகலை அண்ணன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைக. சரி, பரவால்ல. கூடப் பொறந்தவங்க?"

"ரெண்டு தங்கச்சிங்க."

"அப்பா வேலை செய்றாரா?"

"பென்சன் வாங்கிட்டாருங்க."

"குலதெய்வம்?"

அண்ணன் அதற்கும் பதில் சொன்னார். கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொல்கிற பிள்ளை. எங்கள் வீட்டில் புதிதாக வருகிற எல்லோரையும் இப்படித்தான் விசாரிப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். வலப்பனைக்காரிக்குத்தான் முதலில் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள். பூட்டில்லாத வாய் அன்று பார்த்துப் பூட்டிக்கொண்டது. நான் பூமிக்குள் போய்விட மாட்டேனா என்றிருந்தேன்.

மாமா திருப்தியாக வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். "எங்களுக்கு மறுப்பில்ல. பிள்ளை படிப்ப முடிக்கட்டும். இன்னும் ஒரு வருசந்தானே? பட்டம் வாங்கின கையோட நாள் பார்ப்போம்."

"ஒரு வருசமில்ல மாமா" என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதற்கு மேல் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஒரு துணிச்சல் வரும் பாருங்கள், அது வந்துவிட்டது. நின்றுகொண்டே சொன்னேன். பரீட்சை எழுதவில்லை. பத்து மாதமாகப் படிக்கவில்லை. ஆன்லைன் எதுவும் இல்லை. இவர்கள் நான் சொல்லும்போது பக்கத்தில் இருக்க வந்தவர்கள். மாதக் கடைசிக்குள் படிவம் அனுப்பினால் திரும்பப் போகலாம், அப்பா கையெழுத்து வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிஷம் இருக்கும். தமிழில் என்பதால் ஒரு வசனமும் நிற்கவில்லை.

முதலில் பேசியது அம்மா. "அப்ப, பொண்ணு கேட்டு வரலையா?"

"ஐயோ, இல்லீங்கம்மா!" என்று ராகலை அண்ணன் கதிரையிலிருந்து எழுந்தே விட்டார். எழுந்த வேகத்தைப் பார்த்து, அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது.

மாமாவின் முகம் சிவந்திருந்தது. "அப்ப காதுல மாட்டியிருந்த வயரு?"

"அதுல ஒண்ணும் கேக்காது மாமா."

"பத்து மாசம்!" என்றார். "பத்து மாசம் சத்தமில்லாம கிரிக்கெட்டுப் பார்த்தேன்டி நான்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமி என்றுதான் நினைக்கிறேன். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தோட்டத்துக்கே ஒரு பேரா இருந்துச்சு. இனி எப்படி வெளிய சொல்றது?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லார் மனதிலும் இருந்ததைத்தான் அவர் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன்.

"அழாத" என்றார் அம்மா. ஆறுதலாக இல்லை, கோபமாகத்தான் சொன்னார். "கொழுந்து கொறஞ்சா எனக்கு அரைப் பேருதான் போடுவாங்க. தெரியுமில்ல?"

தெரியும். கேட்ட கிலோ எடுக்காவிட்டால் அன்றைய வேலைக்குப் பாதி நாள்தான் பதிவார்கள். அதற்கு அரைப் பேர் என்று பெயர்.

"நீ கெம்பஸ் போன வருசம் எனக்கு இந்தக் கை வீங்கிக் கெடந்துச்சு. வாரத்துல மூணு நாளு அரைப் பேரு. போன்ல நீ கேக்குறப்ப என்ன சொன்னேன்? முழுப் பேருன்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஒங்கப்பாவுக்கே தெரியாது." அப்பா நிமிர்ந்து பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. "அரைப் பேரு விழுந்துச்சுன்னு மறுநாளு மலைக்குப் போகாம படுத்துக் கெடந்தேனா? ஏன்டி நீ படுத்த?"

வலப்பனைக்காரி என்னை முந்திக்கொண்டு அழத் தொடங்கினாள். கேட்டுக்கு வெளியே அப்பாவை நிற்க வைத்தவன் தலையைக் குனிந்துகொண்டான். மாமி எழுந்து போய் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார். பிஸ்கட் பெட்டியை உடைத்தோம். ராகலை அண்ணனும் மாமாவும் ஒரு மூலையில் கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தார்கள். எப்போது அங்கே போய்ச் சேர்ந்தார்களோ தெரியாது.

அப்பா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வெளியே போனார். பின்னேரம் வரை வீட்டுக்குப் பின்னாலுள்ள மரக்கறிப் பாத்தியில் கோவாக்கன்றுகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை அணைத்ததையே மறுபடியும் அணைத்தார். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். பேச்சு எப்போதும் குறைவு. ஆனாலும் இந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. அம்மா திட்டிவிட்டார், மாமா கத்திவிட்டார், முடிந்தது. அப்பாவின் கணக்கில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மிஸ்ஸை ஃபோனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். விதியை மீறியதற்கு நன்றாகத் திட்டினார். தட்டு, பூ, குலதெய்வம் என்று கேட்கக் கேட்க, திட்டை விட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அப்பா என்ன சொன்னாரு?" என்றார்.

"ஒண்ணும் சொல்லல மிஸ்."

"கையெழுத்து?"

"கேக்கப் பயமா இருக்கு."

மறுநாள் காலையில் நான் கேட்கவில்லை. அப்பா வேலைக்குப் போகாமல் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "அந்தக் கடுதாசிய எடு" என்றார். மிஸ் கேட்ட அன்றைக்கே ஹட்டனில் அச்செடுத்து வைத்திருந்த படிவத்தைக் கொடுத்தேன். முக்காலியில் வைத்து, அழுத்தி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பேரை எழுதினார். மையைக் காய விட்டார். "தபால் கந்தோருக்கு நானும் வர்றேன்" என்றார். அதுதான் அவர் பேசியது.

பஸ் நிற்கும் இடத்துக்கு இறங்கிப் போக இருபது நிமிஷம். லயத்து முனையைத் தாண்டும் முன்பே ஒரு பெரியம்மா பிடித்துக்கொண்டார். "என்னப்பா, பொண்ணு கேட்டு வந்தாங்களாமே! மாப்பிள்ள எந்தூரு?"

நான் அப்பாவுக்குப் பின்னால் நின்றேன். சரிவரவில்லை என்று சொன்னால் முடிந்தது. பேச்சு அடங்கிவிடும். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அப்பா அப்படித்தான் சொல்வார் என்று நினைத்தேன், சொல்ல வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

"பொண்ணு கேட்டு வரலீங்க" என்றார் அப்பா. குரல் கரகரத்தது. "புள்ள ஒரு வருசம் பரீட்ச எழுதாம விட்டுருச்சு. இப்பத் திரும்பப் போகுது. அதத்தான் பேசினாங்க."

நாங்கள் நடந்தோம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் காவல்காரர் கேட்டார். அவருக்கும் அதே வார்த்தைகள். கோயிலுக்கு முன்னால் பூசாரி கேட்டார். அவருக்கும் சொன்னார். மூன்றாவது தடவை சொல்லும்போது குரலில் கரகரப்பு இல்லை.

வளைவு திரும்பியதும் மேலே மலையில் கொழுந்து எடுக்கிறவர்கள் எங்களைக் கண்டுவிட்டார்கள். இருபது பேராவது இருப்பார்கள், அம்மாவும் அதற்குள் எங்கோ நின்றார். சரிவின் உச்சியிலிருந்து ஒருத்தி கூடையோடு திரும்பி, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "அண்ணே! கல்யாணச் சாப்பாடு எப்ப?" என்று கத்தினாள். மற்றவர்கள் சிரிப்பது கீழே வரைக்கும் கேட்டது.

அப்பா நின்றார். வாழ்நாளில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தலையை அண்ணாந்து, கையைக் குவித்து, மலை முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "கல்யாணம் இல்ல! புள்ள ஒரு வருசம் படிக்காம வந்துருச்சு! திரும்பப் போகுது!"

மலையில் சிரிப்பு நின்றது. கைகள் எல்லாம் கொழுந்தின் மேல் அப்படியே நின்றன. கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து, "சரிண்ணே! பார்த்துக் கூட்டிட்டுப் போங்க!" என்று குரல் வந்தது. மறுபடியும் கைகள் அசையத் தொடங்கின.

அப்பா நடந்தார். நானும் நடந்தேன். பத்தடி போனதும், திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"சரியாத்தான சொன்னேன்?"

"சரிதாங்கப்பா" என்றேன்.